இரண்டு ஏட்டில் ஒரு கம்பளி

பதுளைக்கு ரயில் வராத காலம். பண்டாரவளையில் இறங்கிய மூட்டைகள் மாட்டுவண்டியில்தான் கடைவீதிக்கு வந்து சேரும். அன்று காலை ஜெயராசா கடை வாசலில் நான்கு வண்டிகள் நின்றன. மூன்றில் அரிசி. நான்காவதில் கம்பளி. கறுப்பில் சிவப்புக் கரை போட்டது, மொத்தம் இருநூறு. கடையின் கணக்குப்பிள்ளை வைரவநாதன் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, ஈரவாடை அடிக்கிறதா என்று மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார்.

கடைக்காரர் ஜெயராசா இறந்து மூன்று வருடம். இப்போது கடை அவர் மனைவி வடிவம்மாவுடையது. புருஷனுடைய திதியை ஒட்டி, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வருடம் தவறாமல் இருநூறு கம்பளி தர்மம் கொடுத்து வந்தாள். அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி வீரசிங்கம் வந்து வாங்கிப் போவார். ஏட்டில் 'தர்மம், கம்பளி இருநூறு' என்று வைரவநாதன் ஒரு வரி எழுதுவார். அதோடு சரி.

இந்தத் தடவை வடிவம்மா கடையின் பின்கட்டிலிருந்து எழுந்து வந்தாள்.

"கணக்குப்பிள்ளை, இந்த வருஷம் நீங்களே கூடப் போயிட்டு வாங்க."

"நான் எதுக்கும்மா? கங்காணி வந்து எடுத்துக்குவாரு. வழக்கந்தானே."

"வழக்கந்தான். ரெண்டு வருஷமாக் குடுக்குறோம். அந்தத் தோட்டத்து ஆளுங்க அரிசிக்கும் கருவாட்டுக்கும் இங்கதான் வர்றாங்க. 'கம்பளி நல்லாருக்கு', 'நல்லால்ல'ன்னு ஒருத்தர் வாயத் தொறக்கல. கும்பிடு போடச் சொல்லல நான். நீளம் பத்தலையா, கடிக்குதா, என்னன்னு தெரிய வேணாமா?"

வைரவநாதனுக்குப் போக விருப்பமில்லை. பசறை வரைக்கும் வண்டி, அதற்கப்பால் மழையில் சறுக்கும் பாதை. ஆனால் விருப்பமின்மைக்கு அது மட்டும் காரணமில்லை.

ஆறு மாதம் முன்பு வடிவம்மா அவரிடம் ஒன்று கேட்டிருந்தாள். புருஷன் விட்டுப்போன பணத்தில் கடைக்கு வேண்டாத ஐயாயிரம் ரூபாய் வட்டிக்கு ஓடுகிறது. அதை வைத்து நிலையாக ஏதாவது நல்லது செய்ய முடியுமா என்று. முடியும் என்று வைரவநாதனுக்குத் தெரியும். காய்ச்சல் பரவிய வருடம், அதே வீதியில் புடவைக்கடை வைத்திருந்த மொஹிதீன், ஓய்வுபெற்ற தபால் மாஸ்டர், பத்திரம் எழுதும் ஒரு சிங்கள நொத்தாரிசு, மருந்துக்கடை ஆள் என்று நாலு பேர் சேர்ந்து பொதுநிதி ஒன்று தொடங்கியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பணம் போடலாம். போட்டவர் பெயரில் தனியாக நிற்கும். முதலைத் தொடுவதில்லை. வருகிற வட்டியை எதற்குச் செலவழிப்பது என்பதை அந்தந்த இடத்து ஆட்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். நாலு கையெழுத்து இல்லாமல் ஒரு சதம் வெளியே போகாது. மொஹிதீனே ஒருநாள் வந்து, "ஓய், ஒங்க அம்மாட்ட சொல்லி வைங்க" என்று கேட்டுப் போயிருந்தார்.

வைரவநாதன் சொல்லவில்லை. அந்த ஐயாயிரத்தைக் கங்காணிமாருக்குப் பன்னிரண்டு வட்டிக்குக் கொடுத்து வாங்குவது அவர் வேலை. வருடத்துக்கு அறுநூறு வட்டி வந்தால் அறுபது அவருக்குத் தரகு. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார். பணம் பொதுநிதிக்குப் போனால் தரகும் போய்விடும். ஆகவே, "நமக்கு முதல் முக்கியம்மா. கம்பளி குடுக்குறமே, அது போதும்" என்று சொல்லி முடித்துவிட்டார். அவள் நம்பினாள். நம்புவதற்குத்தானே கணக்குப்பிள்ளை வைத்திருக்கிறாள்.

ஆனாலும் போனார். மூன்றாம் நாள் விடிகாலை, தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு முடித்ததும், வீரசிங்கம் கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாகக் கம்பளிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றார். கூப்பிட்ட ஆள் வந்து வாங்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். வாங்கின முகங்களில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அரிசி அளந்து வாங்குவது போல வாங்கிப் போனார்கள்.

"பெரியாயி!"

ஐம்பது வயது இருக்கும். கொழுந்துக் கூடையை நெற்றிக் கயிற்றில் மாட்டியபடி வந்தவள், கம்பளியைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணாங்க."

"வாங்கு, வாங்கு. வேலைக்கு நேரமாச்சு" என்றார் கங்காணி.

"ரெண்டு இருக்கு. அதையே இன்னும் பிரிக்கல. அப்பிடியே மடிச்சு வச்சிருக்கேன். வேணும்னா அதையும் எடுத்துக்கங்க."

வைரவநாதனுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, தர்மத்துக்குக் குடுக்குறத வேணாங்குறியே?"

பெரியாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊரு தர்மம் சாமி இது? மூணரை ரூவா தர்மமா?"

பின்னால் நின்ற பெண்கள் கூடையால் வாயை மறைத்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "தர்மத்துக்கு வட்டி கேக்காம விட்டாங்களேன்னு இரு" என்றாள்.

"என்ன மூணரை ரூவா?"

"கம்பளிக்கு மூணரை. ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு கம்பளி, ஏழு ரூவா. எம்பேருல எழுதியிருக்கு. என் மக பாக்கியலெட்சுமிய ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல கட்டிக்குடுத்திருக்கேன். ஒம்பது மாசம். மாமியாரும் இல்ல, கூட இருக்க ஒரு நாதியும் இல்ல. அங்கிட்டுப் போயிரலாம்னு துண்டு கேட்டேன். கடன் இருவத்தாறு ரூவான்னு எழுதியிருக்கு. அந்தத் தோட்டத்துக் கங்காணி, 'கெழவிக்கு இருவதுக்கு மேல ஒரு சதம் கட்ட மாட்டேன்'ங்குறாரு. இந்தக் கம்பளி இல்லாட்டி பத்தொம்பது. போயிருப்பேன். போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தாலும் மனசாறும். போர்த்தவும் இல்ல."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. கூடையைச் சரிசெய்துகொண்டு மலைக்குப் போனாள். நேரம் பிந்தினால் அரைப்பேர் போட்டு அரை நாள் கூலியை வெட்டிவிடுவார்கள்.

துண்டு என்பது அந்த நாளில் ஆளைக் கட்டிப்போடும் கயிறு. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக நினைக்கிறவர் கையில், கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு இருக்க வேண்டும். புதுத் தோட்டத்துக் கங்காணி அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். கட்ட யாரும் வரவில்லையென்றால் இருக்கிற இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

வைரவநாதன் கங்காணியிடம் திரும்பினார். "என்னங்க இது? அம்மா சும்மா குடுத்ததுக்குப் பேரெழுதியிருக்கீங்க?"

வீரசிங்கம் பதறவே இல்லை. "கம்பளி வந்தா பேருல எழுதுறது வழக்கந்தானே கணக்குப்பிள்ளை. எங்கப்பன் காலத்துலேருந்து அப்பிடித்தான். எழுதாமக் குடுத்தா இதுங்க வித்துக் குடிச்சிரும். அதோட, வண்டிச் சத்தம் கட்டணும், ஏத்துக்கூலி இருக்கு..."

"வண்டிச் சத்தம் கடையில குடுத்தாச்சே!"

"அது ஒங்க ஏடு. இது எங்க ஏடு." கங்காணி சிரித்தார். "இங்கேருந்து வர்ற வட்டியில நீங்களுந்தான் திங்கிறீங்க. சும்மா எதுக்கு இப்ப?"

அந்தக் கடைசிப் பேச்சு வைரவநாதனைத் திரும்பி வரும் வழியெல்லாம் விடவில்லை. கங்காணி சொன்னது பொய்யில்லை. வடிவம்மாவின் பணத்தைத்தான் கங்காணி வட்டிக்கு வாங்குகிறார். அதைத்தான் ஆட்களுக்கு முன்பணமாகக் கொடுத்துக் கடன் எழுதுகிறார். அதற்கு மேல் வடிவம்மாவின் கம்பளியையும் எழுதுகிறார். ஒரே கம்பளி, பதுளையில் தர்மம், மடுல்சீமையில் கடன். இரண்டு ஏட்டிலும் கணக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது.

பசறையில் வண்டிக்காரன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினான். வைரவநாதன் இறங்கி நின்று யோசித்தார். 'கம்பளி நல்லாருக்குன்னாங்கம்மா' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வடிவம்மா மலையேறி வந்து கேட்கப் போவதில்லை. அறுபது ரூபாய் நிற்கும். ஆவணிக் கல்யாணம் நடக்கும். தன் மகள் கல்யாணத்தை நினைத்ததும் இன்னொருத்தி மகளின் ஒன்பதாம் மாதம் கூடவே வந்து நின்றது. அதை ஒதுக்க முடியவில்லை. மறுநாள் மத்தியானம் கடைக்குள் நுழைந்தவர், குடையை மடக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டோம் என்று பயந்து, பொதுநிதி விஷயம் வரைக்கும் ஒரே மூச்சில்.

கேட்டு முடித்ததும் வடிவம்மா கிட்டே வந்தாள். எதிரே அளக்கிற ஆள் அரிசியில் கை வைத்தபடி நின்றான்.

"அப்ப, எம்பணத்துலதான் அவங்கள அங்க கட்டிப் போட்டிருக்கா?"

"ஆமாம்மா."

"கட்டியும் போட்டுட்டு, மேல கம்பளியும் போத்துறேன். அதுக்கும் வெல."

அவர் குடையை மடக்கிச் சுவரோரம் சாத்தினார்.

"மொஹிதீன் நாநா சொன்னத ஆறு மாசம் ஏன் சொல்லல?"

"தரகு போயிரும்னு."

"எவ்வளவு?"

"வருஷத்துக்கு அறுபதும்மா."

"அறுபது!" அவளுக்குக் கோபத்தைவிட வியப்புதான் வந்தது போலிருந்தது. "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேய்யா. ஐயாயிரத்த நல்ல வழியில கொண்டுபோய் வைக்கிறதுக்கு வழி சொல்றதும் வேலதானே? அதுக்குக் கூலி வேணாமா? வட்டி வந்தாத்தான் ஒங்களுக்கு வாய் தொறக்கும்னா, நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

அன்று மாலை இரண்டு காரியம் நடந்தது. கம்பளிக்கு எழுதிய கடனையெல்லாம் அடித்துவிட்டு ஏட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாத அரிசி கடனுக்குக் கிடையாது என்று வீரசிங்கத்துக்குக் கடிதம் போனது. கங்காணி கண்டபடி ஏசினார். அரிசி இல்லாமல் தோட்டம் ஓடாது. ஏட்டில் அந்தக் கடன்களை அடித்தார்.

இரண்டாவது, மொஹிதீன் கடையில் உட்கார்ந்து பேசியது. வைரவநாதன் இந்தத் தடவை உண்மையான கணக்கைச் சொன்னார். அரிசிக்கு ஓடும் பணத்தைத் தொட வேண்டாம். சித்திரையில் திரும்பும் ஐயாயிரத்தை மறுபடி கங்காணிமாருக்குக் கொடுக்காமல் ஜெயராசா பெயரில் பொதுநிதியில் வைக்கலாம். அங்கே ஆறு வட்டிதான். ஆனால் வருடத்துக்கு முந்நூறு ரூபாய் நின்று வரும்.

"எதுக்குன்னு எழுத?" என்று மொஹிதீன் பேனாவை எடுத்தார். "கம்பளிக்கா?"

"கம்பளின்னு ஒரு வார்த்தை எழுதாதீங்க நாநா" என்றாள் வடிவம்மா. "எதுக்குன்னு லயத்துப் பொம்பளைங்களக் கேட்டு எழுதுங்க. ரெண்டு வருஷம் நானே நெனச்சு நானே குடுத்தது போதும்."

"மெய்தான்" என்று மொஹிதீன் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்.

மருந்துக்கடை ஆளும் வைரவநாதனும், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கேட்டார்கள். கம்பளி என்று ஒருத்தியும் சொல்லவில்லை. வண்டி என்றார்கள். பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்றால் கம்பில் தொட்டில் கட்டித்தான் பசறைக்குத் தூக்க வேண்டும். பாதி பேர் வழியிலேயே போய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு கூண்டு வண்டி எப்போதும் நின்றால் போதும். மாதம் இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு வண்டிக்காரன் சம்மதித்தான். முந்நூறு அதற்குச் சரியாகப் போனது.

பெரியாயி பத்தொன்பது ரூபாய்த் துண்டோடு ஸ்பிரிங்வெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து ஐந்து நாள். பாக்கியலெட்சுமி காய்ச்சலில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஐந்து நாளை யாரும் பெரியாயிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. இரண்டு வருடம் பிரிக்காமல் வைத்திருந்த கம்பளியை அன்றைக்குத்தான் பிரித்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் போட்டாள்.

வைரவநாதன் மகள் கல்யாணம் ஆவணியில் நடந்தது, நினைத்ததைவிடச் சிறிய பந்தலில். வழி சொன்னதற்குக் கூலி என்று வடிவம்மா முப்பது ரூபாய் கொடுத்தாள். பாதிதான். "மத்தப் பாதி, ஆறு மாசம் வாய மூடியிருந்ததுக்கு" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மறுவருடம் ராமநாதன் என்ற பாத்திரக்கடை முதலாளி அவரைத் தேடி வந்தார். தகப்பனார் பெயரில் ஐந்நூறு வேட்டி வாங்கித் தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டுமாம்.

"கரையில அப்பா பேரப் போடலாமுங்களா, கணக்குப்பிள்ளை? தோட்டத்து ஆளுகளுக்கு எது தேவைன்னு ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமாமே."

வைரவநாதன் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உக்காருங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். ஒங்க பணத்த வட்டிக்கு விட்டா எனக்குத் தரகு உண்டு. தர்மத்துக்குக் குடுத்தா கெடையாது. இதத் தெரிஞ்சுக்கிட்டு நான் சொல்றதக் கேளுங்க. ரெண்டாவது, தோட்டத்து ஆளுகளுக்கு என்ன தேவைன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. வாங்குறவங்கள ஒரு வார்த்த கேக்காமக் குடுத்தா அது தர்மம் இல்லீங்க முதலாளி, நம்ம ஆசைக்கு அவங்க செமக்குற சுமை. வேட்டிய அப்புறம் பாப்போம். நாளைக்குக் காலையில எங்கூட லயத்துக்கு வர்றீங்களா?"