வைத்தது மூன்று, எடுத்தது மூன்று

கட்டுக்காரருக்கு மனிதக் கால்களைக் கண்டாலே குமட்டியது. பத்தொன்பது வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் புண்களுக்குக் கட்டுப் போடுவதுதான் அவர் வேலை. அதனால் அவர் பெயரே கட்டுக்காரர் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு இருபது, இருபத்திரண்டு கால்கள். சர்க்கரைப் புண், சீழ் வைத்த புண், விரல் போன புண், படுத்துப் படுத்தே வந்த புண். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் சாப்பிடத் தட்டில் கை வைத்தால் நாற்றம் விரலிலிருந்து எழுந்து வருவது போலவே இருக்கும். மனைவி முகர்ந்து பார்த்து, "ஒண்ணும் இல்லைங்க" என்பாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அவள் மேலும் எரிந்து விழுவார்.

ஒரு நாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்தவர், அதற்கு மேல் ஓரடி வைக்க முடியாமல் நின்றுவிட்டார். அரை மணி நேரம் அப்படியே நின்று, ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, ஆள்தான் தீர்ந்து போயிருக்கிறார் என்று டாக்டர் ஆறு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். லீவு முடிந்து வந்தபோது இரண்டு ஏற்பாடுகளோடு வந்தார். ஒன்று, பதிவேட்டு அறைக்கு மாற்றல் கேட்டு ஒரு மனு. மற்றது, சட்டைப் பையில் ஒரு தைல டப்பா. மூக்குக்குக் கீழே தைலத்தை அப்பிக்கொண்டு மேலே முகமூடியைப் போட்டால் பிணமே எதிரில் கிடந்தாலும் தெரியாது.

சபையில் மட்டும் அவரை விடுவதாக இல்லை. இந்த வேலையில் சேர்ந்த வருடம், இதைக் கர்த்தருக்கென்றே செய்கிறேன் என்று சபை முன்னால் சாட்சி சொன்னவர் அவர். அதை யாரும் மறக்கவில்லை. "உங்களோடது வேலையா பிரதர், ஊழியமாச்சே" என்பார்கள், கை குலுக்காமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு. ஊழியம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வாயில் புளிப்பு ஏறியது. ஜெபமும் வற்றிப் போயிருந்தது. முழங்கால் போட்டால் தூக்கம் வந்தது, இல்லையென்றால் மற்றவர்களின் முழங்கால்கள் ஞாபகம் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க மனைவி இவர் பெயரைக் கொடுத்து வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் எழுந்து போனார். பார்த்தால், ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவுகிற பகுதி. உலகத்தில் வேறு பகுதியே கிடைக்கவில்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். பன்னிரண்டு பேர், இருபத்துநாலு கால், ஒரே பாத்திரம். இடுப்பில் கட்டிக்கொண்ட துணியாலேயே துடைத்தார் என்று வந்த இடத்தில் தொழில்காரனுக்கு வரும் எரிச்சலே வந்தது. துடைத்த துணியை யாராவது உடம்பிலேயே கட்டிக்கொண்டு திரிவார்களா? கழற்றித் தொட்டியில் போட வேண்டாமா? வாசித்து முடித்ததும் பளபளக்கும் ஷூவோடு போதகர் எழுந்து தாழ்மையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுக்காரர் அருவருப்போடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வார்டில் கடைசி ஆளாகக் கண்டக்டரை வைத்துக்கொண்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இடது குதிகாலில் கட்டைவிரல் போகிற ஆழத்துக்குச் சர்க்கரைப் புண். இரண்டு வாரமாக அந்த நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரர்கள் இடம் மாறிவிட்டார்கள். புண் ஆறுகிற மாதிரியே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லி, சம்மதக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. நடுவில் இருந்தது அந்தத் திங்கட்கிழமை மட்டும்தான்.

கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் கண்டக்டர் கூசிப் போவார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. ரொம்ப நாறுது."

"ம்ம்" என்பார் கட்டுக்காரர். தினமும் அதே மன்னிப்பு, அதே ம்ம்.

அன்று டப்பாவுக்காகப் பையில் கை விட்டார். இல்லை. நேற்றுப் போட்ட சபைச் சட்டையிலேயே தங்கிவிட்டது. வாயால் மூச்சு விட்டுச் சமாளிக்கலாம் என்று குனிந்து கடைசிச் சுற்றை அவிழ்த்தார். நாற்றம் முகமூடியைத் தாண்டி வந்து தொண்டையில் உட்கார்ந்தது. ஓங்கரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் பத்தொன்பது வருட மூக்கு சும்மா இருக்குமா? இது சர்க்கரைப் புண்ணின் நாற்றம் இல்லையே என்றது. அது அழுகிய பழம் மாதிரி இருக்கும். இது ஈரத்தோடு மூட்டை கட்டிப் போட்டு மறந்துபோன துணியின் நாற்றம்.

இடுக்கியை உள்ளே விட்டார். முந்தின கட்டில் புண்ணுக்குள் அடைத்த துணிகளை எடுத்த பிறகும் ஆழத்தில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. பிடித்து மெல்ல இழுத்தார். பச்சையும் கறுப்புமாக, சொதசொதவென்று, ஒரு துண்டுத் துணி வந்தது. அதன் ஒரு முனை முக்கோணமாக மடிந்திருந்தது. எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அப்படி மடித்து வைப்பது அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஆள்தான். அவர்தான்.

கட்டிலில் தொங்கிய அட்டையைப் புரட்டினார். புண்ணுக்குள் எத்தனை துணி வைத்தோம் என்று எழுத வேண்டும், மறுநாள் எடுக்கும்போது எண்ணி எழுத வேண்டும், அதுதான் முறை. பதினாலு நாளைக்கு முன்னால் வைத்தது மூன்று. மறுநாள் எடுத்தது மூன்று. பக்கத்தில் அவர் கையெழுத்து. எண்ணவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிடைத்ததை வாரித் தொட்டியில் போட்டு, மேலே இருந்த எண்ணைப் பார்த்துக் கீழே எழுதியிருக்கிறார். அதன் மேலேயே தினமும் புதுத் துணியை அடைத்திருக்கிறார். மூக்கு இருந்திருந்தால் மூன்றாம் நாளே சொல்லியிருக்கும். அதைத்தான் தைலம் போட்டுக் கொன்றாயிற்றே.

கண்டக்டர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. கழிவு போடும் மஞ்சள் தொட்டி காலடியில் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. போட்டுவிட்டால் முடிந்தது. நாளைக்குக் காலை எடுத்துவிடுவார்கள், காலோடு எல்லாம் போய்விடும். மாற்றலும் இந்த வாரமே வந்துவிடும். இவ்வளவும் அவர் மனதில் ஓடியது. அது அவருக்கே தெரிந்தது. இரண்டு வாரமாக எவனுடைய உடம்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தாரோ, அவன் உடம்பில் இவருடைய அசிங்கம்தான் இருந்தது. தூ என்று தன் முகத்திலேயே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

தொட்டிக்கு மேல் நீட்டிய கை அப்படியே நின்றது. நேற்று எரிச்சலோடு வாசித்த துணி ஞாபகம் வந்தது. ஆண்டவர் அதைக் கழற்றித் தொட்டியில் போடவில்லை. இருபத்துநாலு காலின் அழுக்கையும் இடுப்பிலேயே வைத்துக்கொண்டுதான் அத்தனை பேர் முன்னாலும் நின்றிருக்கிறார், காட்டிக்கொடுக்கப் போகிறவனுடைய கால் அழுக்கு உட்பட. இவ்வளவு அசிங்கத்தோடும் தன்னைத் தொட ஒருவர் உண்டு என்று கட்டுக்காரருக்கு அப்போது தோன்றியது. தோன்றியதும் கண் கலங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு வாய் தானாக ஜெபித்தது.

"ஆண்டவரே, நாறுறது நான்தான்."

"என்ன தம்பி முணுமுணுக்கிறீங்க?" என்றார் கண்டக்டர்.

கட்டுக்காரர் துணியைத் தட்டில் வைத்து எதிரே கொண்டுபோய்க் காட்டினார்.

"ஐயா, இது நான் போட்ட துணி. ரெண்டு வாரமா உங்க கால்ல கெடந்திருக்கு. எண்ணிப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். நாத்தம் உங்களோடது இல்ல. இதனாலதான் புண்ணு ஆறாம இருந்திருக்கும். இப்பவே டாக்டர் கிட்ட சொல்லப் போறேன். என்னை மன்னிச்சிருங்க."

கண்டக்டர் முழங்கையை ஊன்றி எழுந்து தட்டைப் பார்த்தார்.

"நான் தெனமும் உங்க கிட்ட மன்னிப்புக் கேட்டேனே" என்றார்.

"ஆமா ஐயா."

"நீங்களும் ம்ம்னீங்களே."

கட்டுக்காரர் தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

"எம் பொண்ணு பேரப்புள்ளையைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னா. நாத்தம் புள்ளைக்கு ஆகாது, போ, இனிமே வராதன்னு வெரட்டிட்டேன். அழுதுட்டே போனா." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "போங்க. உங்க மொகத்தைப் பாக்கப் புடிக்கல."

பெரிய டாக்டர் தட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், செவ்வாய்க்கிழமை கத்தியைத் தள்ளி வைத்தார். சத்தம் போட்டதெல்லாம் மேட்ரன்தான். வார்டே கேட்கிற மாதிரி திட்டி, எச்சரிக்கைக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "மாற்றல் கேட்டீங்கல்ல, நாளையிலேருந்து பதிவேட்டு அறைக்குப் போங்க. காகிதம் நாறாது" என்றார்.

கேட்டது கிடைத்துவிட்டது, அதுவும் தண்டனையாக. கட்டுக்காரர் அந்த மனுவைத் திருப்பித் தரச் சொன்னார்.

"இங்கயே இருக்கேம்மா. பக்கத்துல ஒரு நர்ஸை நிக்க வெச்சு எண்ணச் சொல்லுங்க, எத்தனை மாசம்னாலும் சரி."

"ஏன்யா, அதான் புடிக்கலைன்னு எழுதிக் கொடுத்தீங்களே."

"இன்னும் புடிக்கலம்மா. ஆனா செய்யணும்."

மூன்று நாள் கண்டக்டர் அவரைக் கட்டிலருகே விடவில்லை. நர்ஸ்தான் கட்டுப் போட்டாள். நாலாம் நாள் காலை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு கட்டு நிக்க மாட்டேங்குது, நழுவுது. நீங்களே போடுங்க. ஆனா சத்தமா எண்ணணும். முப்பது வருஷம் ஆளை எண்ணி எறக்கினவன் நான், என்னை ஏமாத்த முடியாது."

கட்டுக்காரர் மூக்கில் ஒன்றும் தடவாமல் கட்டிலின் காலடியில் முழங்கால் போட்டார். நாறத்தான் செய்தது. ஆனால் அது அழுகிய பழ நாற்றம், அதுவும் முன்னைவிடக் குறைவு. குழிக்குள் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது.

"ஒண்ணு" என்றார் கட்டுக்காரர்.

"ஒண்ணு" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு."

"ரெண்டு. மூணாவது எங்க?"

"இதோ."

கண்டக்டர் தலையைத் தூக்கித் தட்டில் கிடந்த மூன்றையும் தன் கண்ணாலேயே பார்த்தார். பிறகு தலையணைக்குக் கீழே துழாவிப் போனை எடுத்து, மகளின் எண்ணைத் தேடிக் கொடுக்கச் சொல்லி அவரிடம் நீட்டினார்.