முந்தின நாளே சொல்லியிருந்தேன்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் விரிப்புகளைத் தேய்க்கும் உருளையில் நாத்தனாரின் வலது கை மாட்டிக்கொண்டது. கைபட்டால் நிற்க வேண்டிய உருளை நிற்கவில்லை. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த அண்ணி ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்துவதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன.

விசாரணைக்கு வந்த அதிகாரிக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அண்ணி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: "ஐ டெல் சூப்பர்வைசர். மெஷின் நாட் ஸ்டாப்." எப்போது என்று அவர் கேட்டது பிடிபடாமல், "யெஸ், யெஸ்" என்று தலையாட்டி வைத்தாள்.

அதிகாரி எழுதிக் கொடுத்த அறிக்கையை வீட்டில் கணவன் படித்துப் பார்த்தான். "விபத்துக்கு அப்புறம்தான் நீ சொன்னேன்னு இருக்கு. பழுதுன்னு முன்கூட்டியே யாரும் சொல்லலையாம்."

அண்ணி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மருத்துவமனைக்குப் போனவள் நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமலே விஷயத்தைச் சொன்னாள். பள்ளியில் ஆங்கிலம் படித்தவள் நாத்தனார்.

"டெல் இல்ல அண்ணி, டோல்ட். அதுவும் போதாது. விரல் போனதுக்கு முன்னாடின்னு தெரியணும். ஐ ஹேட் டோல்ட் ஹிம் த டே பிஃபோர்."

"நடந்து முடிஞ்சதுல என்னடி முன்னாடி பின்னாடி?"

"நாம மட்டும் என்னவாம்? 'சொன்னேன்' வேற, 'சொல்லியிருந்தேன்' வேறதானே?" கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்தாள். "சொல்லுங்க. தப்பா சொன்னா இன்னொரு கை இருக்கு, கிள்ளுவேன்."

அண்ணி சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறு விசாரணையில் மேற்பார்வையாளரும் எதிரே உட்கார்ந்திருந்தார். அண்ணி எழுந்து நின்று, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்றார் மேற்பார்வையாளர்.

அதிகாரி அவளைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: நீங்கள் சொன்னபோது இவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

இந்தக் கேள்விக்கு நாத்தனார் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அன்றைய மதியத்தை மனதில் கொண்டுவந்தாள்.

"ஹி ஈட்டிங்." தலையை அசைத்துத் திருத்திக்கொண்டாள். "ஹி வாஸ் ஈட்டிங். ஹி சே... ஹி செட், டுமாரோ. ரிப்பேர் டுமாரோ."

நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் சொன்ன அந்த நாளையில்தான் விரல்கள் போயின. மேற்பார்வையாளர் தலையைக் குனிந்துகொண்டு, "யெஸ்" என்றார்.

குற்றம் நிர்வாகத்தின்மேல்தான் என்று முடிவானது. அந்த உருளையைக் கழற்றி எடுத்துப் போனார்கள்.

சேதி கேட்டதும் நாத்தனார், "எல்லாத்தையும் சரியா சொன்னீங்களா அண்ணி?" என்றாள். அண்ணி ஆமென்றதும் அவள் முகம் மலர்ந்து, உடனே கோணியது. விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முதலாக அழுதாள். அழட்டும் என்று விட்டு அண்ணி சீப்பை எடுத்தாள். ஓய்ந்ததும் கட்டிலில் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டாள்.