வாஷிங் மெஷினுக்கு கியர் ஆயில்

‘டொம்!’

பின்சீட்டில் அடுக்கியிருந்த இட்லி மாவுப் பாக்கெட்டுகளில் பாதி, ஒரே சமயத்தில் கீழே சரிந்தன. ஒன்று வெடித்து, காரின் கால்மிதியில் வெள்ளையாகப் பரவியது. ஜெகதாம்பாள் பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள். எவனோ வந்து மோதிவிட்டான் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஆவடி குவார்ட்டர்ஸ் தெருவில் அந்தக் காலை நேரத்தில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

ரிவர்ஸ் எடுத்திருந்தாள். பிறகு முன்னால் போவதற்காகக் கியர் கம்பியை ‘டி’க்குத் தள்ளியிருந்தாள். அவ்வளவுதான் செய்தது. அதற்குத்தான் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி வண்டி குலுங்கியது.

“இன்னா யம்மா, வண்டிக்கு விக்கலா?” என்று மாடியிலிருந்து ஒரு வாடிக்கைக்காரி சிரித்தாள்.

ஜெகதாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாகவே இந்த விக்கல் லேசாக இருந்தது. இன்றைக்குத்தான் இடியாக இறங்கியிருக்கிறது.

கார் பழசு. மகள் கார்த்திகா பெங்களூருக்கு வேலை மாறிப் போனபோது அம்மாவிடம் விட்டுப்போன ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய வயதில் ஜெகதாம்பாள் அதில்தான் ஓட்டப் பழகினாள். அதுவரை நெமிலிச்சேரியில் சொந்தத் தெருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த மாவு வியாபாரம், கார் வந்த பிறகு பட்டாபிராம், ஆவடி என்று கால் நீட்டியது. இப்போது கியர் பெட்டி போனால், இவ்வளவு பழைய வண்டிக்கு வேறு பெட்டி போடுவது வீண், தள்ளிவிடு என்று ஊரே சொல்லும். வியாபாரம் மறுபடி தெருவுக்குள் சுருண்டுவிடும்.

ஊருக்கு முன்னால் சொல்லப்போகிறவர் வீட்டிலேயே இருந்தார். அவள் புருஷன் கஜபதி.

கஜபதி வாழ்நாள் பூராவும் லாரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் இடது முட்டி உடைந்து ஆபரேஷன் ஆனது. கிளட்ச் மட்டும் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்தவர், போகிற வருகிற வண்டிகளையெல்லாம் திட்டுவதையே வேலையாக வைத்துக்கொண்டார்.

“இதுலதான் கிளட்சே கிடையாதேய்யா. இடது காலுக்கு வேலையே இல்ல. நீ ஓட்டேன்” என்று ஜெகதாம்பாள் எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டாள்.

“போடி. இதெல்லாம் ஒரு வண்டியா? வாஷிங் மெஷின். தட்டி உட்டா அதுவா சுத்தும். நான் லாரி ஓட்னவன், துணி தோய்க்கிறவன் இல்ல.”

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மத்தியானத்தில் காரைக் கழுவித் துடைத்து வைப்பது அவர்தான். அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் இரண்டு கிரைண்டரும் ஓடிக்கொண்டிருக்கும். ஜெகதாம்பாள் அரிசியும் உளுந்துமாக அதற்குள்ளேயே கிடப்பாள். வாசலில் பட்டாசு வெடித்தாலும் காதில் விழாது.

மீதிப் பாக்கெட்டுகளைக் கொடுத்து முடித்தவள் நேராகப் பூந்தமல்லிக்கு விட்டாள்.

மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் இருந்தது மெக்கானிக் ஷேக் தாவூதின் ஷெட். அவர் பானெட்டைத் திறந்து, கியர் ஆயில் அளவுக்குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்தார். துணியையே கொஞ்ச நேரம் பார்த்தார். மோந்து பார்த்தார். முகம் மாறியது.

“யக்கா, கியர் ஆயில் மாத்தி எவ்ளோ நாளாச்சு?”

“என்னைக் கேக்குறியே பாய்! நீதானே மாத்தின. போன ரம்ஜானுக்கு முன்னாடி.”

“அதான் எனக்கும் ஞாபகம். ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி செவப்பா ஊத்தினேன். இப்போ பாருங்க.”

துணியில் டீ டிகாஷன் கறை மாதிரி இருந்தது. ஜெகதாம்பாளும் மோந்தாள். அடி பிடித்த பாத்திரத்தின் வாசனை.

“என்னா கொடுமைப் படுத்தினீங்க வண்டிய?”

“நானா? நாற்பதைத் தாண்டினா வண்டி அழுவுமேன்னு ஓட்றவ நானு. சைக்கிள்காரன்லாம் என்னை முந்திகினு போறான் பாய்.”

“பழைய ஆட்டோமேட்டிக்னா நாற்பதாயிரம் கிலோமீட்டர், இல்லாட்டி மூணு வருஷம், இதுல எது முன்னாடி வருதோ அப்போ மாத்துன்னு சொல்லுவேன். சில பேரு மாத்தவே வேணாம்பாங்க. அவங்க வண்டிலாம் என் ஷெட்டுக்குப் பின்னாடி நிக்குது, போய்ப் பாருங்க. உங்களுக்கு இன்னும் பாதிகூட ஓடல. அதுக்குள்ள ஆயில் கருகிடுச்சுன்னா, எங்கியோ தப்பு நடக்குது. உங்க மேல எனக்கு டவுட்டு.”

ஜெகதாம்பாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் யோசித்தாள்.

“எங்க மாவும் இப்படித்தான் பாய். ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம் நிக்கும். வெயில்ல வெச்சா சாயங்காலமே பொங்கி வழியும். ரெண்டும் ஒரே நாள் அரைச்ச மாவுதான். தேதியைப் பார்த்து எது புளிக்குது? சூட்டைப் பார்த்துதானே புளிக்குது? இந்த ஆயிலையும் எதுவோ சூடாக்கிகீது.”

தாவூத் தலையாட்டினார். “கரெக்டா சொன்னீங்க. அது எதுன்னுதான் தெரியணும். சரி, இறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டுவீங்களா?”

“என்னாது?”

“பாலத்துல இறங்கும்போது கம்பிய ‘என்’ல தள்ளிட்டு சும்மா உருட்டிகினே போறது. கீழ வந்ததும் ஓட்டத்துலயே திரும்ப ‘டி’ல போடறது. ஒவ்வொரு வாட்டியும் உள்ள இருக்கிற தகடுங்க உரசி, சூடேறி, ஆயில் கருகும். அப்பால இந்த மாதிரிதான் உதைக்கும். டீசல் மிச்சம் புடிக்கிறேன்னு லாரிக்காரங்க பண்ற வேலை அது. லாரி தாங்கும், இது தாங்காது.”

“நான் அந்த எழுத்து மேல கையே வெச்சதில்ல பாய். ஆரு, டி, நிறுத்தினா பி. எனக்குத் தெரிஞ்சது அந்த மூணு எழுத்துதான்” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

லாரிக்காரங்க.

ஷேர் ஆட்டோவில் போனாலும் முன்னால் எட்டிப் பார்த்து, “இறக்கத்துல நியூட்ரல் உடு நைனா, எண்ணெய் என்னா சும்மாவா வருது?” என்று டிரைவருக்குப் பாடம் எடுக்கிற ஓர் ஆள் அவள் வீட்டில்தான் இருந்தார். போன வாரம் திருநின்றவூர் கடை போண்டா சூடு ஆறாமல் வீட்டுக்கு வந்ததும் நினைவுக்கு வந்தது. ‘ஒருத்தன்கிட்ட சொல்லி அனுப்பினேன்’ என்றார். யார் அந்த ஒருத்தன் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகத் தினமும் ஷேவ் செய்துகொள்கிறார். வாசல் சேரில் பூனை படுத்துத் தூங்குகிறது.

ஜெகதாம்பாளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அங்கிருந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வண்டி போயிடுமோன்னு நான் பயந்துகினு கீறேன். நீங்க சிரிக்கிறீங்களே!”

“வண்டி பொழைக்குமா, அதைச் சொல்லு பாய்.”

“நல்ல நேரத்துல வந்தீங்க, பொழைச்சுக்கும். பழைய பெட்டிய மெஷின் போட்டு அலசக் கூடாது. இப்போ வடியறதை வடிச்சுட்டுப் புதுசு ஊத்தறேன். கொஞ்ச நாள் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு வாட்டி அதே மாதிரி பண்ணிடலாம். ஆனா அந்த நியூட்ரல் ஆளு யாருன்னு புடிச்சு நிறுத்தணும்.”

“புடிச்சுடலாம்” என்றாள் ஜெகதாம்பாள். “ஆனா நிறுத்தக் கூடாது பாய்.”

தாவூத் புரியாமல் பார்த்தார்.

மத்தியானம் திரும்பும்போது வண்டியில் அந்த உதை இல்லை. கம்பி ‘டி’யில் விழுந்தது கையில் மட்டும்தான் தெரிந்தது. ஜெகதாம்பாளின் மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நேராகப் போய், ‘நீதானே எடுத்துகினு போற?’ என்று கேட்டால் போச்சு. வாஷிங் மெஷின் என்று ஊர் பூரா கேலி பண்ணிய வாய். ரோஷம் பொத்துக்கொண்டு வரும். நானாவது, அதையாவது என்று சத்தியம் பண்ணிவிட்டு, பூனையை விரட்டிவிட்டு மறுபடியும் சேரில் போய் ஒட்டிக்கொள்வார். இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் மனுஷன் எழுந்து நடமாடுகிறார். அதைக் கெடுத்துவிடக் கூடாது. அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

வாசலில் கஜபதி பக்கெட்டும் துணியுமாகத் தயாராக நின்றார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். கார் கழுவ எதற்கு இஸ்திரிச் சட்டை என்று இத்தனை நாள் தனக்குத் தோன்றாததை நினைத்து, ஜெகதாம்பாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னா இவ்ளோ லேட்டு? வாஷிங் மெஷின்ல தண்ணி வரலியா?”

அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினாள். “கிண்டல் பண்ணாதய்யா. காலைல குவார்ட்டர்ஸ்ல உதைச்ச உதையில மாவெல்லாம் கொட்டிப் போச்சு. கியர் பெட்டி காலியாம்.”

கஜபதியின் கையில் பிழிந்துகொண்டிருந்த துணி அப்படியே நின்றது. “யார் சொன்னது?”

“தாவூத் பாய். அதான் தள்ளிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் பார்ட்டி வரான், சாவிய வாங்கிகினு போயிடுவான்.”

“சாயங்காலமேவா?”

“நீதான அன்னிக்கே சொன்ன, இதெல்லாம் ஒரு வண்டியான்னு? உன் பேச்சைக் கேட்டிருந்தா இவ்ளோ கஷ்டமே இல்ல.”

“நான் ஆயிரம் சொல்லுவேன். அதுக்காக? கார்த்திகா இன்னா நினைக்கும்? உன் மாவு இன்னா ஆவறது? ஆயிலை மாத்து, சரியாப் போயிடும்.”

“மாத்தியும் பார்த்துட்டாராம். ஏத்தத்துல இழுக்காதாம், இறக்கத்துல திக்கித் திக்கிப் போவுமாம். ஓட்றவளுக்குத் தெரியாதா? சேர்ல உட்கார்ந்துகினு இருக்கிற உனக்கு இன்னா தெரியும்?”

அது சரியான இடத்தில் போய்க் குத்தியது. கஜபதி பக்கெட்டை டங்கென்று கீழே வைத்தார். காருக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, பானெட் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

“எனக்கா தெரியாது? நேத்து நெமிலிச்சேரி பாலத்துல ஏறி, உச்சியில நியூட்ரல் தட்டி உட்டேன் பாரு, வெண்ணெய் மாதிரி வழுக்கிகினு போச்சுடி நம்ம வண்டி!”