தொடாதே என்று எழுதிய இடம்

கமலவேணி மூக்கைப் பொத்திக்கொள்ளாத குறைதான். கணினி நிரலுக்கு நாற்றம் கிடையாது என்று எவன் சொன்னான்? ஆயர் குரோவில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வைக்கும் மானிட்டர்களைச் செய்கிறது. நோயாளியின் நாடியைத் திரையில் வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் டிரைவர் என்ற நிரல். அது குடியிருப்பது இயங்குதளத்தின் அடிவயிறான கெர்னலில். கெர்னலின் புதிய பதிப்பு வந்ததும் பழைய டிரைவர் அதில் ஏற மறுத்துவிட்டது. சுத்தம் செய்து கொடு என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். வாரக்கணக்காகத் தன் காஜா பேராங் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

அள்ள அள்ள வந்தது. ஒரே வேலைக்கு நாலு நிரல் துண்டு, நாலுக்கும் வேறு வேறு பெயர். கடையில் கிடைக்காமல் போய்விட்ட மின்னணுச் சில்லுக்கு இன்னமும் படையல். எதற்கென்றே தெரியாமல் ஒரு காத்திருப்பு, அது போதாதென்று அடுத்த வரியில் இன்னொன்று. எழுதியவன் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட்டானா என்று அவளுக்குச் சந்தேகம். அடுத்தவர் எச்சில் தட்டைக் கழுவுகிற அருவருப்போடு அழித்துக்கொண்டே வந்தவள், மெர்டேக்கா எனும் சுதந்திர நாள் விடுமுறைக் காலையில் ஓரிடத்தில் நின்றாள். அங்கே மலாயில் ஒரு குறிப்பு இருந்தது. ஜங்கான் செந்தோ. தொடாதே.

தொட்டுப் பார்த்தாள். படம் வரையும் சில்லு நடுவில் சிக்கிக்கொண்டால், பிழை என்று டிரைவர் மேலே சொல்ல வேண்டும். சொன்னால் திரை கறுத்து மணியடிக்கும், நர்ஸ் ஓடி வருவாள். இது சொல்லவில்லை. கையிலிருந்த பழைய படங்களையே சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு, பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பியது. கெர்னலில் பூஜ்யம் என்றால் எல்லாம் நலம். கட்டிலில் கிடப்பவரின் மூச்சு நின்றாலும் திரையில் அவர் நலமாகவே இருப்பார். இதுவரை அள்ளியது சோம்பேறியின் குப்பை. இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை.

பத்து மணி வாக்கில் கம்பெனி முதலாளி தனபாலன் ரொட்டி சானாய் பொட்டலத்தோடு வந்தார். அவள் கணவன் இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான்.

“பசியாறிட்டியாம்மா? வா, சூடா இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு மெஷின் போவணும். முடிஞ்சிருச்சா?”

“ஒரு எடத்துல நிக்கிது, அண்ணே. சில்லு சிக்குனா பழைய படத்தயே ஓட்டுதே, அத யாரு எழுதுனது?”

ரொட்டியைப் பிய்த்த அவர் கை நின்றது. பிறகு மறுபடி பிய்த்தது.

“நாந்தான். அப்ப டெமோவுல தெர கறுத்துப் போச்சு லா. பெரிய டாக்டரு மொறச்சாரு. எப்பவாச்சும்தான் சிக்கும், கொஞ்ச நேரத்துல அதுவே எந்திரிச்சிரும். அத மட்டும் உட்டுட்டு மத்தத சுத்தம் பண்ணு.”

“எந்திரிக்கலன்னா?”

“இத்தன வருஷத்துல யாராச்சும் கம்ப்ளேன் பண்ணாங்களா?”

செத்தவரா வந்து கம்ப்ளேன் பண்ணுவார் என்று நாக்கு நுனிவரை வந்தது. புண்ணுக்குப் புனுகு தடவத்தான் இவ்வளவு நாளும் தன்னை உட்கார வைத்திருக்கிறார் என்று நினைக்கவே கூசியது. கெர்னலுக்குப் போகிற ஒவ்வொரு திருத்தத்தின் கீழும், அனுப்புகிறவர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்பது வழக்கம். எழுதியவர் இவர். கீழே நிற்கப்போகிற பெயர் கமலவேணி. இந்த மனிதர் கொண்டுவந்த ரொட்டியை எத்தனை காலையில் ருசித்துத் தின்றிருக்கிறாள்.

“கையத் தொடச்சிட்டு நீட்டுங்க, அண்ணே.”

மேசையில் சோதனைக்கு வைத்திருந்த மானிட்டரின் கிளிப்பை அவர் விரலில் மாட்டினாள். எழுபத்தெட்டு என்று காட்டிப் பச்சை அலை குதித்தது.

“நல்லாத்தான இருக்கு,” என்று சிரித்தார்.

அவள் கட்டளை ஒன்றைத் தட்டிச் சில்லைச் சிக்க வைத்தாள். திரையில் எதுவும் மாறவில்லை. பிறகு அவர் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள்.

தனபாலன் கையை இழுத்துக்கொண்டார். விரலைச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். குழம்பு சிந்திய தாள்மேல் கிளிப் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. திரையில் அவருடைய நாடி எழுபத்தெட்டில் குதித்துக்கொண்டே இருந்தது.