கதகதப்பா இருக்குன்னா தூக்கிடு

என் தங்கச்சி ரவ்னாவுக்குக் கொழுப்பு ஜாஸ்தி. மார்ச் மாசம், எங்க ஊருக்குள்ள நீளமா நுழைஞ்சிருக்குற, பனிக்கட்டி மிதக்குற கடல்ல, வெறும் நீச்சலுடையோட எதிர்க்கரைக்கு நீந்தறேன்னு கிளம்பிட்டா. புதுசா வரப்போற சுரங்கத்தோட கழிவைக் கொட்டுற குழாய் இந்தக் கடல்லதான் இறங்கப் போகுது. நாங்க பிடிச்சுப் பிழைக்குற காட் மீன் முட்டையிடுற இடமும் அதேதான். அதை ஊர் உலகம் பார்க்கணுமாம். ஓஸ்லோவிலேர்ந்து டிவிக்காரன் வேற வந்திருந்தான்.

"நீ நீந்தினா சுரங்கம் ஓடிடுமா?"ன்னு பக்கத்து வீட்டு ஒத்தார் கேலி பண்ணினார். சுரங்கம் வந்தா அவர் பையனுக்கு வேலை.

"ஓடுதா இல்லையான்னு எதிர்க்கரையில வந்து நின்னு பாருங்கண்ணே"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டா.

படகு ஓட்டினது நான், கூட டிவிக்காரன். அவ படகைத் தொட்டா நீச்சல் செல்லாது. ஆனா அவ பேச்சு தப்பா வந்தா, கெஞ்சினாலும் கேக்காம தூக்கிடணும்னு அவளே எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா.

"குளிருதாடி?"

"உயிர் போகுது. வாயை மூடிட்டு ஓட்டு."

அவ திட்டத் திட்ட எனக்கு நிம்மதி. உதடு நீலம் பாரிச்சும் கை வீச்சு தளரல. என் கூடப் பிறந்தவளான்னு மலைச்சுப் போனேன். காருல சுத்திக்கிட்டு வந்து எதிர்க்கரையில நிக்குற ஒத்தார் முகம் தெரியுற தூரத்துல மறுபடி கேட்டேன்.

"இல்லக்கா," சிரிச்சா. "கதகதப்பா இருக்கு."

"பழகிடுச்சு போல"ன்னு டிவிக்காரன் சந்தோஷப்பட்டான். நான் படகை அவ பக்கம் திருப்பிட்டேன். இந்தத் தண்ணியில சாகப் போறவங்களுக்குத்தான் கதகதப்பா இருக்கும். ரெண்டு பேருமா அவளைப் படகுல இழுத்துப் போட்டோம்.

கரையில கலைமான் தோலைச் சுத்தி உட்கார வெச்சோம். நாக்கு இளகினதும் முதல் பேச்சே, "ஏன்க்கா தூக்கின? இன்னும் கொஞ்ச தூரந்தானே?"

"எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சிடி."

"எனக்கு இருக்கிறதும் ஒரே கடல்தான்."

ஓங்கி அறையலாம்னு வந்துச்சு. கால்ல விழலாம்னும் வந்துச்சு. டிவிக்காரன் கேமராவை மூட்டை கட்டினான். முடிக்காத நீச்சலைப் போட மாட்டாங்களாம்.

"அடுத்த சனிக்கிழமை வாங்க"ன்னா அவ, பல்லு கிட்டிக்க.

ஒத்தார் தன் கம்பளிச் சட்டையைக் கழட்டி அவ தலையில சுத்தினார். "அன்னிக்குப் படகை நான் ஓட்டுறேன். உங்கக்கா மறுபடி தூக்கிடுவா."

"நீங்க சுரங்கத்துக் கட்சியாச்சே?"ன்னேன்.

"இப்பவும் அதே கட்சிதான். ஆனா இந்தப் பொண்ணு கரை சேரணும்."

"படகு என்னோடது, நான்தான் ஓட்டுவேன். கதகதப்புன்னு சொன்னா அன்னிக்கும் தூக்குவேன்."

ரவ்னா அழுதுகிட்டே சரின்னு தலையாட்டினா.