பதினோரு நொடி

பழனிசெட்டிபட்டியில் மகிமாவின் தையல்கடைக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் போன் வழியாகத்தான் வந்தது. தைத்து முடித்த பிளவுஸ்களை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். அதைப் பார்த்துவிட்டுக் கம்பத்திலிருந்துகூடக் கூப்பிடுவார்கள். காலையில் கடையைத் திறந்து ஜெபம் பண்ணியதும், நேற்றுப் போட்டதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பதுதான் அவளது முதல் வேலை.

ஒரு வியாழக்கிழமை, கல்யாணப் பிளவுஸ் ஒன்றைக் கொடுப்பதற்காகச் சின்னமனூரில் மார்க்கையன்கோட்டை மினிபஸ்ஸில் ஏறினாள். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பஸ் முழுக்கப் பிள்ளைகள். கடைசி சீட்டில் இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த நெல்வயலை வீடியோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

நடுவழியில் பஸ் நின்றது. கண்டக்டர் கத்துவது கேட்டது.

"இறங்கு! இறங்குன்றேன்ல!"

முன்படியில் நின்ற வயதான அம்மாவைத் தோளைப் பிடித்துக் கீழே தள்ளினார். அந்த அம்மாவின் புல்லுக்கட்டையும் காலால் எத்திவிட்டார். விசில் அடித்ததும் பஸ் கிளம்பியது. மகிமாவின் போன் அதற்குள் முன்பக்கம் திரும்பியிருந்தது. பதிவானது மொத்தம் பதினோரு நொடி.

அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 'ஏழைன்னா இப்படித்தான் இறக்கி விடுவீங்களா?' என்று எழுதி, ஊர் வந்து சேர்வதற்கு முன்பே போட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கண்டக்டர் பெயர் இன்னாசி என்று ஒருவர் கண்டுபிடித்து எழுதினார். இன்னொருவர் அவருடைய நம்பரைப் போட்டார். பஸ் முதலாளிக்கும் ஆட்கள் போன் செய்தார்கள். 'வேலை போச்சாம், சூப்பர்' என்று சாயங்காலம் ஒருவர் எழுதியிருந்ததை மகிமா படித்தாள். புதிதாக மூவாயிரம் பேர் அவளது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் சேர்ந்திருந்தார்கள். போனைக் கீழே வைக்க முடியாமல், சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கல்யாண வீட்டார் கூப்பிட்டார்கள். பிளவுஸின் கை இறுக்கமாக இருக்கிறதாம். மறுபடியும் மார்க்கையன்கோட்டைக்குப் போனாள். அடுத்த வீட்டு வாசலில் ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தது அந்த அம்மாதான். சோணையம்மாள் என்று பெயர். மகிமா ஓடிப் போய்க் கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கி பஸ்ஸில உங்களத்தான தள்ளிவிட்டாரு? அடி ஒண்ணும் இல்லையே?"

"தள்ளலேன்னா நான் இங்கன நின்னு பேசிக்கிட்டு இருப்பனா தாயி?" என்றாள் சோணையம்மாள். "புல்லுக்கட்டுக்குள்ள கட்டுவிரியன். தலைய நீட்டுனத நான் பாக்கல, கண்டக்டரு பாத்துட்டாக. பஸ்ஸு பூராம் பிள்ளைக. பாம்புன்னு வாயத் தொறந்தா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து மிதிபட்டிருக்கும். பஸ்ஸு போன பெறகு அது பாட்டுக்குக் கட்டுல இருந்து எறங்கி வாய்க்காலுக்குப் போச்சு. நான் ரோட்டுல நின்னு பஸ்ஸப் பாத்துக் கும்பிட்டேன்."

மகிமா வீடியோவைக் காட்டினாள். சோணையம்மாளிடம் போன் கிடையாது. இரண்டு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ இதப் போட்டது அவுகளுக்குத் தெரியுமா?"

மகிமா அங்கேயே பழைய வீடியோவை அழித்தாள். சோணையம்மாளைப் பேச வைத்து எடுத்து, தன் மன்னிப்பையும் சேர்த்துப் போட்டாள். இருட்டும்வரை அதை நானூறு பேர்தான் பார்த்தார்கள். 'யாராச்சும் மிரட்டிப் பயந்துட்டீங்களா அக்கா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். பழையதை வேறு பக்கங்கள் எடுத்து, சோகப் பாட்டுச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தன. அதை எடுத்துவிடச் சொல்லி அவர்களுக்கெல்லாம் எழுதினாள். ஒரே ஒரு பதில் வந்தது: 'இது நல்லாப் போகுது, விடுங்க.'

மறுநாள் காலை இன்னாசியின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் மனைவி வியாகுலமேரி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வேணும்?"

"அந்த வீடியோவ எடுத்தது நாந்தாங்க."

வியாகுலமேரி கையிலிருந்த துணியை வாளிக்குள் போட்டாள். "இப்ப என்னத்த எடுக்க வந்தீக?"

"உள்ள வரச்சொல்லு" என்று இன்னாசியின் குரல் கேட்டது.

மகிமா தெரிந்துகொண்டதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "நீங்களே ஒரு தடவ நடந்ததச் சொல்லுங்கண்ணே. நான் எடுத்துப் போடுறேன். உங்க வாயால சொன்னா நம்புவாக."

"வேணாம்மா." இன்னாசி தரையைப் பார்த்தபடி பேசினார். "போன அமத்தி வச்சு அஞ்சு நாளாச்சு. எடுத்தாலே திட்டுறாக. ஊருக்குச் சொல்றது கெடக்கட்டும், எம் மககிட்டச் சொல்லி முடியல. பாம்பு இருந்துச்சும்மான்னேன். 'வீடியோல இல்லையேப்பா'ங்குது."

உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினார்.

மகள் பெனிஷா எட்டாவது படிக்கிறாள். வகுப்பில் எல்லோரும் வீடியோவைப் பற்றியே கேட்டதால் பள்ளிக்கூடம் போகாமல் உள்ளறையில் படுத்திருந்தாள். மகிமா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் கடைசி சீட்டுல இருந்தேன் பாப்பா. எனக்கு உங்கப்பா முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. கட்டுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

"தெரியலேன்னா ஏன் எழுதுனீங்க?"

"ஒடனே போட்டா நெறையப் பேரு பாப்பாகன்னு" என்றாள் மகிமா. அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

பெனிஷா எழுந்து உட்கார்ந்தாள். "எங்கப்பா பொய் சொல்லலல்ல?" என்று கேட்டாள்.

"சொல்லல."

சோணையம்மாளைக் கூட்டிக்கொண்டு மகிமா பஸ் முதலாளி செல்வமணியிடம் போனாள்.

"இன்னாசி எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டான்" என்றார் அவர். "நான் நம்பி என்ன செய்ய? போன்ல பேசுறவக நம்பணுமே."

"பஸ்ஸில வர்றவககிட்ட நாங்க நேர்ல சொல்றோங்க."

அடுத்த இரண்டு நாளும் காலையும் மாலையும் இருவரும் அந்த மினிபஸ்ஸில் போய் வந்தார்கள். போன் முன்னால் சரளமாகப் பேசும் மகிமாவுக்கு, எதிரே நிற்கும் மனிதர்களைப் பார்த்ததும் "நான் தப்பாப் போட்டுட்டேங்க" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மிச்சத்தைச் சோணையம்மாள்தான் சொன்னாள். பிள்ளைகள் பாம்பின் நீளத்தைக் கேட்டார்கள். அவள் கையை விரித்துக் காட்டினாள். பலர் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் மட்டும் நம்பவில்லை. "நான் என் கண்ணால பாத்தேன்" என்றார். அவரும் போனில்தான் பார்த்திருந்தார்.

செல்வமணி மறுபடியும் கூப்பிட, திங்கட்கிழமை இன்னாசி வேலைக்குத் திரும்பினார். பெனிஷா அதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள்.

மகிமா இன்னமும் பிளவுஸ் படம் போடுகிறாள். போன் இல்லாமல் அவள் கடை ஓடாது. சேர்ந்த மூவாயிரம் பேரில் பாதிப்பேர் போய்விட்டார்கள். பழைய வீடியோ எங்கெங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்துத் தேனி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் இன்னாசியை உற்றுப் பார்த்தார்.

"அந்த வீடியோல வந்த கண்டக்டர் நீங்கதானே?"

"ஆமாங்க, நாந்தான்" என்றார் இன்னாசி. தன் டீயைப் பலகைமேல் வைத்துவிட்டு, புல்லுக்கட்டில் கண்டதிலிருந்து தொடங்கி நிதானமாகச் சொன்னார். அந்த மனிதர் தன் பஸ் கிளம்புவதைக்கூடக் கவனிக்காமல் முழுவதையும் கேட்டார்.