அடுப்புக்கு மேலே விமானங்கள்

மலை ஊர்களின் தொகுதியான குண்டனி நாட்டில் காலையிலிருந்தே மழை விட்டுவிட்டுப் பெய்தது. கிராமச் செவிலியர் மோனிஷா, கண்ணாயியின் வீட்டு அடுப்படி மூலையில் இருந்த பெட்ரோல் பாட்டிலைப் பார்த்துவிட்டாள். களை வெட்டும் மிஷினுக்காகச் சேந்தமங்கலத்தில் வாங்கி வந்தது.

"அடுப்பெரியற இடத்துல இதை வைக்கலாமா? ஆவி பட்டாலே பத்திக்கும்."

"இப்பவே வெளிய வெச்சர்றனுங்க நர்ஸம்மா." கண்ணாயி மறுபேச்சில்லாமல் எடுத்துப் போனாள்.

அந்த உடனடிச் சம்மதம் மோனிஷாவை வழியெல்லாம் உறுத்தியது. அவள் வீட்டு அடுப்புக்கு மேலே பெட்ரோலோடு இரண்டு விமானங்களே இருந்தன.

கணவன் பிலிப் வேளாண் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். மலைக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தவன். பெட்ரோல் எஞ்சின் வைத்த அந்தப் பெரிய மாதிரி விமானங்களை வாங்கிய பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு திரும்பியது. ஞாயிறுதோறும் கீழே இறங்கிப் போய், காய்ந்த ஏரியில் பறக்கவிட்டு வருவான். இறக்கை ஒவ்வொன்றும் ஆறடி நீளம். குடியிருப்போ இரண்டே அறை. மலை ஈரத்தில் விமானங்களின் மரச்சட்டங்களில் பூஞ்சை பிடித்தது. இங்குள்ளவர்கள் விதைக் கதிர்களை விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகையில் காப்பாற்றுவதைப் பார்த்தவன், தானும் ஒரு பரண் கட்டி இரண்டையும் ஏற்றிவிட்டான்.

"டேங்கையாவது காலி பண்ணிட்டு வைங்களேன்" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

"காலியா வெச்சா பெட்ரோல் போற டியூப் காஞ்சு போயிரும். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

அவன் முகம் சுருங்கியது. பழைய சுவர் பார்க்கும் முகம் வந்துவிடுமோ என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று முதல் உலை வைக்கும்போதெல்லாம் கண் மேலேயே போகும். ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள், மறுபடியும் திறப்பாள். தலைமுடியில்கூடப் பெட்ரோல் வாடை.

சாயங்காலம் கண்ணாயி மரவள்ளிக் கிழங்கோடு பின்வாசலில் வந்து நின்றாள். மோனிஷா விறகை அடுக்கிவிட்டுத் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தாள். நாலு வயது மகள் தேன்மொழி பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாயி மூக்கை உறிஞ்சினாள். "ஏனுங்க நர்ஸம்மா, காலைல எங்கூட்டுல இருந்த வாசம் இப்ப உங்கூட்டுல அடிக்குதுங்களே?" அண்ணாந்து பார்த்தாள். "நாங்க பரண் மேல விதைய வெப்போமுங்க. நீங்க நெருப்பையே ஏத்தி வெச்சிருக்கீங்க."

அப்போதே, அடுக்கிய விறகின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. தினமும் பட்ட அடுப்புச் சூட்டில், மேலே இருந்த விமானத்தின் டியூப் விரிந்து தளர்ந்திருந்தது. இன்னொரு சொட்டு. எடுத்த தீக்குச்சியைக் கிழிக்காமல் பெட்டிக்குள் திருப்பிப் போட்டு, தீப்பெட்டியை மடியில் செருகினாள்.

குழந்தையைத் தூக்கிக் கண்ணாயியிடம் கொடுத்து வெளியே அனுப்பினாள். கதவையும் ஜன்னல்களையும் அகலத் திறந்து வைத்தாள். பிலிப் வந்தபோது வாசலில் குறுக்கே நின்றாள்.

"உள்ள அடுப்பு எரியாது. அதை இறக்கினாத்தான் சமையல்."

"ஈரத்துல ஊறிப் போயிரும் மோனி. வேற எங்க வைக்கிறது, சொல்லு."

"விறகைத் தொட்டு மோந்து பாருங்க. பாப்பா அதுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா."

அவன் தொட்டான். விரலை மூக்கருகே கொண்டுபோனவன் சட்டென்று பரணை அண்ணாந்து பார்த்தான். பிறகு விமானங்களை ஒவ்வொன்றாக இறக்கி, முற்றத்துக்குக் கொண்டுபோனான். டேங்குகளில் இருந்ததைக் கேனில் வடித்தான். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, குழாயில் மிச்சமிருந்தது தீரும்வரை எஞ்சின்களை ஓடவிட்டான். பள்ளத்தாக்கு அதிர்ந்தது, பிறகு அடங்கியது. பெட்ரோல் கேன் வெளியே காற்றோட்டமான கொட்டகைக்குப் பூட்டோடு போனது. கழற்றிய இறக்கைகள் பழைய சேலை சுற்றிப் படுக்கையறைச் சுவரில் ஏறின. விமானங்களின் உடல்கள் அலமாரி மேல்.

"டியூப் போனா புதுசு வாங்கிக்கலாம்" என்றான், யாரையும் பார்க்காமல். "நீ ஏன் அன்னைக்கே என்கிட்ட சண்டை போடலை?"

மோனிஷா தீப்பெட்டியை மடியிலிருந்து எடுத்து வைத்தாள்.

"உங்க முகம் வாடிருமோன்னு பயந்தேன். ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு வீட்டுல சொல்ல வாய் வரலை. பெட்ரோலை வீட்டுக்குள்ள வைக்கிறது எவ்வளவு ஆபத்தோ, தெரிஞ்சும் பேசாம இருக்கிறது அவ்வளவு ஆபத்துங்க."